ரெண்டு மனசா இருக்கு

பத்து நாளாகக் கைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். என்னைக் கலியாணம் கட்டக் கேட்ட ஒருவருக்கு "ரெண்டு மனசா இருக்கு" என்று எழுதி அனுப்பினேன். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

இன்று காலை தலைமன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அழைப்பு வந்தது. லவுட்ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அண்ணன் இண்டைக்குக் கடல் தொழிலுக்கு வாறாரா?"

"காத்தைப் பாத்திட்டு அவருக்கு ரெண்டு மனசா இருக்காம், தம்பி."

"சரி அக்கா. நாங்க வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போறம்."

அவ்வளவுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன் அக்கா, அவர் வரமாட்டன் எண்டு சொல்லேல்லையே?"

"ரெண்டு மனசெண்டால் வரேல்ல எண்டுதான் எடுக்கிறது, பிள்ளை. அப்பிடிச் சொன்ன ஆளைத் திருப்பிக் கேக்கிறேல்ல. கேட்டுக் கூட்டிக்கொண்டு போய், கடலில ஒண்டு நடந்தால் கேட்டவனுக்கெல்லோ பழி."

"கேட்ட தம்பிக்குக் கோவமில்லையா?"

"ஏன் கோவம்? மரியாதைக்குத்தான் கேக்காம விடுறது."

நான் இத்தனை நாளும் அதை "இன்னொருக்காக் கேளுங்கோ" என்ற அர்த்தத்தில்தான் பாவித்து வந்தேன். சேலைக் கடையில் சொன்னால், கடைக்காரர் இன்னும் இரண்டு சேலை எடுத்துப் போடுவார்.

"உங்களுக்கு எந்த ஊர், அக்கா?"

"தாழ்வுபாடு."

என்னைக் கேட்டவரும் தாழ்வுபாடுதான். தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர்.

பஸ் பேசாலையைத் தாண்டிவிட்டது. கைபேசி இன்னும் கையில்தான்.

தாழ்வுபாட்டு ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரெண்டு மனசென்று சொன்ன ஆள், யாரும் கேட்காமலே கரைக்கு வந்து நின்றால், படகில் ஏற்றுவீர்களா?