தறிக்காரர் வாயில் ஒரு குழாய்

காளிராஜுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அதற்கும் சேர்த்து அவர் கண்கள் அலைந்தன. விசிறி, கதவு, சுவரில் பல்லி, மறுபடியும் கதவு. ராஜபாளையத்துத் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி ஓடுகிற நாலு தறிகளை ஒரே நேரத்தில் பார்த்த கண்கள். கட்டிலில் கிடத்தினால் மட்டும் அடங்கிவிடுமா?

மகாராஜபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், தண்ணீர் குறைந்து கிடந்தது தெரியாமல், நீந்தக் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. இரண்டு வருஷம் பொறுத்தவர், 1991 தை மாதம் சோற்றை நிறுத்தினார். கஞ்சித்தண்ணீர் மட்டும்தான்.

"எல்லாத்துக்கும் அடுத்தவன் கை வேண்டியிருக்கு. நானாச் செய்யுத காரியம் ஒண்ணு காட்டு, சாப்பிடுதேன்" என்றார் மனைவி சந்தனத்திடம்.

சந்தனம் பேண்டேஜ் சுருட்டி உறை போடும் வேலைக்குப் போகிறவள். கை துணியைச் சுருட்டும், மனசு வீட்டில் நிற்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவருவாள். அவர் விலா எலும்பைப் பார்ப்பாள். கஞ்சித்தண்ணீரைப் புகட்டுவாள். திரும்பி ஓடுவாள். ஒருநாள் அவர் ஆடட்டுமென்று தாயக்கட்டம் வரைந்து பார்த்தாள்.

"உருட்டுறது நீ, காய் நகத்துறது நீ. பொறவு நான் எதுக்கு?"

அவளுடைய சித்தி மகன் வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். டி.வி.யில் செருகி ஆடும் வீடியோ கேம் பெட்டிகளும் அவன் கைக்கு வரும். பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றைப் பிரித்து அக்காவிடம் காட்டினான். கைகால் விளங்காதவர்கள் ஆடுவதற்கென்று ஜப்பான் கம்பெனி செய்த சாமான். நெஞ்சில் மாட்ட ஒரு பெட்டி. மோவாயால் தள்ள ஒரு குச்சி. வாயில் ஒரு குழாய், மூச்சுதான் பட்டன்.

"இத வாங்கித் தாடா."

"இங்க எவன்க்கா விக்கான்? செஞ்சு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யும் வீடியோ கேம் பெட்டியுமாக பஸ் ஏறி வந்து இறங்கினான். பழைய ஜாய்ஸ்டிக் குச்சி ஒன்றைக் கட்டில் சட்டத்தோடு பேண்டேஜ் துணியால் இறுக்கி, காளிராஜின் மோவாய்க்கு எட்டும்படி வைத்தான். சிறிய டப்பா ஒன்றின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, அடியில் துளைபோட்டு சலைன் குழாயைச் செருகினான். ஊதினால் பலூன் உப்பி, சுடும் பட்டனோடு இணைத்த மேல் கம்பியை அழுத்தும். அழுத்தினால் திரையில் விமானம் சுடும்.

மோவாய் அசைந்ததும் விமானம் இடமும் வலமும் போனது. சந்தனம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது சுடவில்லை. எதிரி விமானங்கள் வரிசையாக வந்து இடித்தன.

"ஊதுங்கத்தான்! ரயில் இஞ்சின் மாதிரி ஊதுங்க!"

ஊத அவர் வயிற்றில் ஏது பலம்? விமானம் மறுபடி வெடித்தது. குழாய் ஒழுகுகிறதென்று வைகுண்டராஜ் வேறு குழாய் மாற்றினான். அப்போதும் விமானம் சுடவில்லை. காளிராஜின் கண்கள் திரையை விட்டுக் கதவுக்குப் போயின.

"எடுத்துட்டுப் போடா."

சொன்னாலும் குழாயை விடாமல் இன்னொரு முறை முயன்றார். குழாயை அவர் வாயிலிருந்து எடுக்கக் குனிந்த சந்தனம் டப்பாவைப் பார்த்தாள். பலூன் குழிந்து உள்ளே போயிருந்தது.

"இது என்னடா, உள்ள போவுது?"

வைகுண்டராஜ் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், ஊதச் சொன்னா உறிஞ்சுதியளே!"

காளிராஜ் டப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

"ஏலே, வருசக்கணக்கா நாடாக் கண்ணுல நூல உறிஞ்சி இழுத்த வாய்டா. தறிக்காரன்ட்ட குழாயக் குடுத்தா வேற என்ன செய்வான்?"

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையில் நூல் தீர்ந்தால், நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சி போட்டு, கட்டையின் ஓட்டையில் வாயை வைத்து ஒரே உறியில் நூல் நுனியை வெளியே இழுப்பார்கள். கையை விட வாய்தான் வேகம். காளிராஜுக்கு அந்த வேகம் மட்டும் போகவில்லை.

"அப்ப கம்பிய உள்ள வைடா மாப்ள" என்றார்.

பலூனைப் பிரித்து, கம்பியை டப்பாவுக்குள் வளைத்து வைத்தான் வைகுண்டராஜ். ஒரு உறி. விமானம் சுட்டது. எதிரி ஒன்று சிதறியது. இன்னொரு உறி, இன்னொன்று.

சந்தனம் அடுப்படிக்கு ஓடினாள். பருப்புச் சோறு பிசைந்து கொண்டுவந்து நின்றாள்.

"ஏங்க, சொன்ன வாக்கு."

குழாயை விடாமல் கண்ணாலேயே பொறு என்றார். இருப்பது ஒரு வாய். அதிலும் குழாய். உருண்டையைப் பிடித்தபடி அவளும் திரையைப் பார்த்தாள். இந்தப் பாழும் விமானம் விழுந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்தில் குண்டு வந்தபோதோ, விழுந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அக்கா, சோறு ஆறுது. மூடி வை" என்று சிரித்தான் வைகுண்டராஜ்.

விமானம் வெடித்தது. காளிராஜ் குழாயைத் துப்பினார்.

"வெரசாப் போடுட்டி, அடுத்த ஆட்டம் வந்துரும்" என்று வாயைத் திறந்தார்.

சந்தனம் உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்தாள்.