கல்லாவுக்கு மேலே ஆடிய ரிப்பன்

இது சத்தியமாக நடந்த கதை. என் தலையில் அடித்துச் சொல்கிறேன். வேண்டுமானால் இந்தச் சலூன்காரர் தலையிலும் அடிக்கிறேன். ஊர் முடியை வெட்டுகிறவருக்குத் தன் தலையில் முடி இல்லை, சத்தம் கணீரென்று கேட்கும். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன், அதையும் இப்போதே ஒத்துக்கொள்கிறேன். ஒரு முழம் நடந்ததை ஒன்றரை முழமாகச் சொன்னால், அந்த அரை முழத்தை நீங்களே வெட்டிப் போட்டுவிடுங்கள். துணிக்கடைக் கதைதானே, கத்தரிக்கோலுக்கா பஞ்சம்? ஆனால் இதில் ஓர் இருமல் வரும். அதை மட்டும் நான் நூலளவுகூட இழுக்கவில்லை.

அரை முகம் நுரையோடு சாய்ந்திருப்பவர் அப்படியே இருங்கள், ஆடாதீர்கள். காத்திருக்கிற டாக்சிக்காரரே, பேப்பரை மடியுங்கள். மேலே ஓடுகிற ஏசியையும் அதன் வாயில் ஆடுகிற காகிதத்தையும் பார்த்துக்கொண்டிருக்காமல் என் முகத்தைப் பாருங்கள்.

அந்தத் துணிக்கடைக்காரரைத் தெருவே 'குளுகுளு' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கடையின் உரிமப் பலகையில் தூசி தின்றுகொண்டிருந்தது. சின்ன வயதில் தகரக் கூரை போட்ட ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக நின்றவர். வெயில் காலத்தில் அந்தக் கூரைக்குக் கீழே நிற்பது வாணலியில் நிற்பது போல. ஒரு நாள் வாடிக்கையாளருக்குப் போர்வையை விரித்துக் காட்டிக்கொண்டே மயங்கி அதன்மேல் விழுந்துவிட்டார். முதலாளி ஓடி வந்து முதலில் போர்வையைத்தான் உருவினார், அழுக்காகிவிடுமே என்று. தரையில் கிடந்தபடியே குளுகுளு முடிவு செய்தார்: எனக்கென்று ஒரு கடை வந்தால், அதற்குள் வருகிறவனுக்குப் பல் தந்தியடிக்க வேண்டும்.

கடை வந்தது. மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தாள், அவள் தம்பி செங்கல் சுமந்தான், கடை வந்துவிட்டது. கூடவே அலமாரி அளவுக்கு ஒரு ஏசியும் வந்தது. தெருவிலேயே முதல் ஏசி. வெளியே தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால் மீசையில் பனி கட்டும். ஒருவன் சட்டை எடுக்க வந்து, நடுங்கிப் போய்க் கம்பளி எடுத்துப் போனான். கம்பளி வியாபாரம் கோடையில் கொடிகட்டிப் பறந்த ஒரே கடை அதுதான். வெட்டுங்கள், அரை முழத்தை வெட்டிவிடுங்கள்.

காற்று வருகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? சிவப்பு வெல்வெட்டில் ஒரு பட்டை கிழித்து ஏசியின் வாயில் கட்டினார். அது போருக்குப் போகிற கொடி மாதிரி படபடத்தது. அதற்கு நேர் கீழே கல்லாப்பெட்டி. அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது? மனைவியைத்தான்.

"நீ வீட்டு அடுப்புல வெந்தது போதும். இனிமே மகாராணி மாதிரி இங்க உக்காரு" என்றார்.

"மகாராணிக்குக் காது அடைக்குதுங்க" என்றாள் அவள். ஆனால் சிரித்தாள். கடையிலேயே நல்ல இடத்தை அவர் தனக்குக் கொடுத்திருக்கிறார் என்று அவளுக்கும் தெரியும். சாயந்தரம் பூட்டும்வரை அங்கிருந்து எழ மாட்டாள்.

அவள் தம்பி செங்கல் சுமந்ததோடு நிற்காமல் ஏசி மெக்கானிக் ஆகிவிட்டிருந்தான். வாய் நீளம். மாமா கடைக்கு வரும்போதெல்லாம் மேலே பார்ப்பான்.

"மாமா, அதைக் கழட்டிக் கழுவி எவ்வளவு நாளாச்சு?"

"அது என்ன, உன் சட்டையா? அழுக்காகறதுக்கு அது எங்கடா வெளிய போச்சு?"

"வெளிய போகாது மாமா. கடையில இருக்கிற காத்தைத்தான் இழுத்து இழுத்து விடுது. நீங்க நாள் முழுக்கத் துணியை உதறுறீங்க. அந்தப் பஞ்செல்லாம் எங்க போவும்?"

"கழுவணும்னா?"

"ஒரு நாள் கடையை மூடணும்."

"போடா. கடையை மூடு, பொண்டாட்டியை வித்துடுன்னு சொல்ல வந்துட்டான்."

அடுத்த கோடையில் வெல்வெட் தொங்கிப் போனது. குளுகுளு அண்ணாந்து பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் ஏசிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பான். அவர் பிறவித் துணிக்காரர். அவருக்குத் துணிதான் குற்றவாளி. "வெல்வெட் கனம்" என்று சொல்லிப் பருத்தியில் ஒரு ரிப்பன் கட்டினார். அது பறந்தது. அவருக்கு நிம்மதி. சில மாதத்தில் அதுவும் சோர்ந்தது. பட்டு கட்டினார். அப்புறம் ஷிபான். கடைசியில் புண்ணுக்குக் கட்டுவார்களே, அந்தச் சல்லடைத் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. ஊதினாலே கூரைக்குப் போகிற சாதி அது. அது மெல்ல ஆடியது. "பாரு, ஓடுது" என்று எல்லோருக்கும் காட்டினார்.

ரிப்பன் இளைக்க இளைக்க மின்சாரக் கட்டணம் கொழுத்தது. மிஷின் மூச்சு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஓடியது. அடுக்கில் இருந்த துணி ஈரச்சாக்கு வாடை அடித்தது. குளுகுளு அத்தர் தெளித்தார். வாடிக்கையாளர்கள் சேலை விலை கேட்கும் முன் இரண்டு தும்மல் போட்டார்கள். பேரம் பேசாமல் தும்மிக்கொண்டே வெளியேறினார்கள். "இந்தக் காலத்து ஆளுங்களுக்கு உடம்புல வலுவே இல்ல" என்றார் குளுகுளு.

அப்புறம் அவள் இருமினாள்.

முதலில் தொண்டையைச் செருமுவது போல. பிறகு வறட்டு இருமல். சில்லறை எண்ணும்போது நடுவில் நிறுத்தி, மூச்சை வாங்கி, திரும்ப முதலிலிருந்து எண்ணுவாள். சாயந்தரமானால் காய்ச்சல் மாதிரி உடம்பு கணகணக்கும். குளுகுளு சும்மா இருக்கிற ஆளா? வீட்டுத் தலையணையை எல்லாம் தூக்கி எறிந்தார். பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினார். அவள் தலைக்குக் குளிப்பதைத் தடுத்தார். மருந்துக்கடையில் இருந்த இருமல் மருந்தில் பாதி அவள் வயிற்றில்தான் இருந்தது.

"அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேங்க" என்றாள்.

போனாள். அங்கே இருமல் நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினாளாம், குழந்தைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாளாம். திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். சாயந்தரத்துக்குள் இருமல் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நம்ம ஆளுடைய மூளை குறுக்குச் சந்தில் நுழைந்தது. அக்கா வீட்டில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தார். பதில் கிடைத்தது: நான். அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, என்னைப் பார்த்தா உனக்குப் பிடிக்கலையா?"

அவள் இருமலுக்கு நடுவே விழித்தாள். "என்னங்க பேச்சு இது?"

"உங்க அக்கா வீட்ல நல்லா இருந்தியாமே."

"நல்லா இருந்தேன்."

"இங்க வந்தா இருமுற."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வேணும்னேயா இருமுறேன்?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் கடையில் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாந்து ரிப்பனைத்தான் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. அதுவாவது தன் சொல்லைக் கேட்கிறதே என்று ஓர் ஆறுதல்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். கல்லாவுக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்று, "எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். தொகை வரவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு ஊதா மை தொட்ட மாதிரி இருந்தது.

குளுகுளு பாய்ந்து வந்தார். "காத்து வேணும், காத்து வேணும்!" என்று கத்தினார். நாற்காலியோடு அவளைத் தூக்கி ஏசியின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தார். மிஷினை முழு வேகத்துக்குத் திருகினார். அவள் முகத்தைப் பிடித்து அந்தக் காற்றுக்குக் காட்டினார். "இழும்மா, நல்லா இழு" என்று கெஞ்சினார். அவள் இழுத்தாள். இழுக்க இழுக்கக் கண் செருகியது. கையை மட்டும் தூக்கி வாசல் பக்கம் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. "வேணாம், வெளிய வெயில்" என்றார்.

அந்த அம்மாள்தான் கடையின் தொலைபேசியை எடுத்து, மேசையில் ஒட்டியிருந்த எண்ணில் அவள் தம்பியைக் கூப்பிட்டார். அவன் வந்தான். அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்கு ஓடினான்.

மருத்துவமனையில் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "இவங்க பகல் முழுக்க எங்க உக்காந்திருப்பாங்க?"

"கடையில, ஏசிக்குக் கீழ" என்றார் குளுகுளு. சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவி மனுஷனுக்கு.

"அதைத் திறந்து பாருங்க. நுரையீரல் அலர்ஜியாகி வீங்கியிருக்கு. பூஞ்சை புடிச்ச காத்தை வருஷக்கணக்கா இழுத்தவங்களுக்குத்தான் இப்படி ஆகும். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே உக்காந்திருந்தா திரும்பாத அளவுக்குப் போயிருக்கும்."

கடைக்குத் திரும்பியதும் மைத்துனன் ஏணி போட்டு ஏறினான். மூடியைக் கழற்றினான். ஃபில்டர் வலையை உருவினான். வலையோடு சாம்பல் நிறத்தில் ஒரு பாயே கழன்று வந்து கல்லாமேல் விழுந்தது. நான் இழுக்கவில்லை ஐயா, விரல் தடிமன் இருந்தது. கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே வந்த ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல திக்கா இருக்கே, இது மீட்டர் என்ன விலை?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. குளுகுளு கண்ணை மூடிக்கொண்டு எந்தத் துணியையும் விரலால் தடவிப் பெயர் சொல்கிறவர். அதைக் கையில் எடுத்தார். பிரித்தார். சிவப்பு வெல்வெட்டின் ரோமம் இருந்தது. பருத்திப் பஞ்சு, கம்பளித் தூள், பட்டிழை. விற்றதெல்லாம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குள் சிக்கி, நீளமாக ஒரு தலைமயிர். வேர்ப்பக்கம் பாதி நரை. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"இன்னும் பாருங்க மாமா" என்றான் மைத்துனன் மேலே இருந்து. குரலில் கிண்டல் இல்லை. "இதுக்குப் பின்னாடி குழாயெல்லாம் கறுப்பா பூஞ்சை. தண்ணி வடியிற தட்டுல கூழாட்டம் பாசி. இந்தக் குட்டையிலதான் காத்து முங்கி முங்கி அக்கா முகத்துல வந்திருக்கு."

குளுகுளு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசல் பக்கம் நீண்ட அந்தக் கை அவர் கண் முன்னால் நின்றது. வெளியே கொண்டுபோ என்று கெஞ்சியவளின் முகத்தைப் பிடித்து இதற்குள் அல்லவா காட்டினேன்?

கடையை மூடினார். ஒரு நாள்கூட மூட மாட்டேன் என்றவர், எப்போது திறப்பார் என்று தெருவுக்கே தெரியாமல் மூடினார். ஏசியைக் கழற்றிக் கழுவினார்கள், துணியை வெயிலில் உதறினார்கள், சுவரைச் சுரண்டினார்கள். கல்லாவை வாசல் பக்கம் மாற்றினார்கள். "மழை வெயில் பார்க்காம மாசாமாசம் வந்து வலையைக் கழட்டுடா, நான் தடுத்தா என்னையும் கழட்டு" என்று மைத்துனனிடம் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் பழைய ஆளாக வரவில்லை. சமையலறையிலிருந்து வாசலுக்கு வர இரண்டு இடத்தில் நின்றாள். துணி காயப்போட்டால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டரம்மா, "மெதுவாத்தான் தேறும், முழுசா தேறுமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றிருந்தார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். செருமியதற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கடை இப்ப சுத்தமா இருக்கும்மா. கல்லா வாசல்கிட்ட. திரும்ப வெல்வெட்டே கட்டியிருக்கேன். கொடி மாதிரி பறக்குது. வந்து பாரேன்."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அதை அவுத்துடுங்க."

"ஏம்மா?"

"துணி ஆடுதா துணி ஆடுதான்னு மேலயே பார்த்தீங்க. கீழ ஒருத்தி உக்காந்திருந்தா."

அவர் அன்றே போய் ஏணி வைத்து ரிப்பனை அறுத்தார். திரும்பி வந்து அதை அவள் மடியில் வைத்தார். "இப்ப வருவியா?" என்று கேட்டார்.

அவள் அந்த வெல்வெட்டை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்…

"போகக் கூடாது!" என்று டாக்சிக்காரர் பேப்பரை வீசிவிட்டு எழுந்தார். "கொன்னே போட்டிருப்பான் அந்த ஆளு. திரும்ப எதுக்குப் போகணும்?"

"கொல்லவா பார்த்தான்? ஆசையா உக்கார வச்சான்யா" என்றார் சலூன்காரர்.

"ஆசையா வச்சா நுரையீரல் அழுகாதா?"

"அந்தம்மாவும் வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"மூச்சே விட முடியாதவ வாயை வேற திறக்கணுமா? உங்க வீட்ல இருக்கிறவங்களுக்கு இப்படி ஆனா இதே பதிலைச் சொல்வீங்களா அண்ணே?"

"என் வீட்டை எதுக்குய்யா இழுக்கிற?"

நாற்காலியில் அரை முகம் நுரையோடு இருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியின் வாயில் அந்தக் காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. மெல்லிய டிஷ்யூ காகிதம்.

"அண்ணே," என்றார் நிதானமாக, "போன தடவை நான் வந்தப்ப அங்க காலண்டர் தாள்ல கட்டியிருந்தீங்க இல்ல?"

சலூன்காரர் திரும்பினார். "அது பழசாச்சு, மாத்தினேன்."

"அதுக்கு முன்னாடி அட்டை."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"கடைசியா அதை எப்ப கழுவினீங்க?"

"முகத்துல பாதி வேலை பாக்கி இருக்கு, கத்தி என் கையில இருக்கு. கேள்வியைப் பார்த்துக் கேளுங்க."

"கத்தியக் காட்டி மிரட்டுறான் பாருங்கய்யா!" என்று நுரை தெறிக்க எழுந்தார் அவர். டாக்சிக்காரர் ஏற்கெனவே ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறிவிட்டார். சலூன்காரர் ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்க, தும்மல் ஒன்று வந்தது. யார் தும்மியது என்பதில் அடுத்த சண்டை ஆரம்பித்தது.