மிசுஹோ பார்க்காத பக்கம்

ஜப்பானின் கிஃபு நகரில் மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தான் குராத்தா ஷுன்ஜி. சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, அடிப்பகுதி அகன்று, தரையை ஒட்டி நிற்கும் அவனுடைய வெள்ளைக் காரைப் பார்க்க ஞாயிறுதோறும் கூட்டம் கூடும்.

சாய்ந்த சக்கரத்தில் டயரின் உள்விளிம்புதான் தேயும். அது மொட்டையாவதற்குள் டயரைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவார்கள். அந்த மழைக்காலத்தில் ஷுன்ஜி அந்த வேலையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டான்.

ஒரு நாள் தங்கை மிசுஹோ சாவி கேட்டாள். "டயர் நல்லாருக்காண்ணா?"

"நீயே பாரேன்."

குனிந்து பார்த்தாள். "புத்தம் புதுசா இருக்கே. சாப்பாட்டுக்குக்கூட இவ்வளவு செலவழிக்க மாட்டியே நீ."

ஸ்டேஷன் வரைதானே போகிறாள் என்று, உள்விளிம்பைப் பற்றிச் சொல்லாமலே அவன் சாவியைக் கொடுத்துவிட்டான். ஆற்றோர வளைவில் பிரேக் போட்டதும் கார் வழுக்கிக் கால்வாயில் இறங்கியது. அவளுடைய முறிந்த கை கூடிவிட்டது. ஆனால் அதன்பின் அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை. அவனை ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

அவன் சக்கரங்களை நிமிர்த்தினான். மழை பெய்த ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் அவளருகே நிறுத்தினான்.

"ஏறு, மிசு. நேராக்கிட்டேன்."

"பாத்தேன். பேங்க் மேனேஜர் கார் மாதிரி ஆயிருச்சு."

"மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"தெரியும்ணா. பஸ் வருது பாரு, வண்டிய எடு."

அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அவள் இறங்கும் இடம் வரை ஷுன்ஜி அதன் பின்னாலேயே போனான்.