நாலரையா, ஐந்தரையா

டார்க்கிம் என் தங்கை வீட்டுக்காரன். ஆகையால் அவனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவன் அணில் சுட வைத்திருப்பது ஐந்தரை மில்லிமீட்டர் குழல் போட்ட காற்றுத் துப்பாக்கி. அதற்கு முன்னால் கொஞ்ச காலம் நாலரை ஒன்று வைத்திருந்தான். நான் சொல்லப்போவது அந்தக் கொஞ்ச காலத்தைப் பற்றி.

ஜாவாவில், பன்யூமாஸில் எங்கள் ஊர்ப் பக்கம் பாதிக் குடும்பங்களுக்குத் தென்னம்பாளைதான் சோறு போடுகிறது. ஆண்கள் காலையும் மாலையும் மரமேறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிச் சர்க்கரை வார்ப்பார்கள். டார்க்கிம் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து மரத்தில்தான் இருந்தான். நன்றாக ஏறுவான். அது அவனுக்கே தெரியும் என்பதுதான் அவனிடம் இருந்த கோளாறு. கீழே யாராவது நின்று பார்த்துவிட்டால் போதும், கடைசி நாலு படியை ஒற்றைக் கையால் ஏறுவான்.

ஒரு மழைக்காலத்தில் மரத்தில் வெட்டியிருந்த படிகளில் பாசி பிடித்துக் கிடந்தது. விழுந்தான். வயல் சேறு உயிரைக் காப்பாற்றியது, இடுப்பைக் காப்பாற்றவில்லை. எலும்பு கூடி எழுந்து நடந்தபோது, ஒரு பக்கம் சரிந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி இருந்தது நடை. வர்சிதி, அதாவது என் தங்கை, அவன் பதநீர் பிடிக்கும் மூங்கில் குழாய்களையெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாள்.

“இன்னொரு வாட்டி மரத்துல கால வச்சே, எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன் பாத்துக்க” என்றாள்.

என் வீடு அவள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அடுப்பில் எதை வைத்தாலும் இங்கே மணக்கும். இருந்தாலும் மிரட்டல் மிரட்டல்தான். டார்க்கிம் சத்தியம் செய்து கொடுத்தான். அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் சத்தியம் வாங்கினாள்.

மரமேறி மரமேறாமல் எப்படிப் பிழைப்பது? எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி உண்டு. அணில். பாளை எடுக்காத மரங்களில் தேங்காய் பிடித்ததும் அணில் வந்து ஓட்டை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு வெறும் கூட்டை நம் தலையில் தள்ளும். மரத்துக்காரர்கள் வயிறெரிந்து போவார்கள். அணிலைச் சுட்டுக் கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டு தேங்காய். ஆனால் செத்த அணில் மரத்துக்காரர் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும். அவர் அதன் வாலை நறுக்கி வைத்துக்கொண்டுதான் தேங்காய் கொடுப்பார். ஒரே அணிலை மூன்று வீட்டில் காட்டித் தேங்காய் வாங்கிய மகான்கள் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள், அதனால் வந்த வழக்கம் இது. மேலே மட்டை இடுக்கில் செத்துக் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் செல்லாது.

முதலில் டார்க்கிம் தன் சித்தப்பா மகனின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டான். கை நடுங்காது, கண் கூர்மை, அணில் எந்த மட்டையிலிருந்து எந்த மட்டைக்குத் தாவும் என்பது தெரியும். தேங்காய் சேர்ந்தது. வர்சிதி எண்ணெய் காய்ச்சி விற்றாள். பிறகு அந்தத் தம்பிக்காரன் சுமத்ராவில் வேலைக்குப் போகிறேன் என்று துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டில் இருந்த ஆட்டை விற்றுச் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவானது.

ஊரே யோசனை சொன்னது. பாதிப் பேச்சு என் கடையில்தான் நடந்தது. நான் தெருத் திருப்பத்தில் மெண்டோவான் பொரிக்கிறேன், புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பேயை மாவில் தோய்த்துப் போடும் பஜ்ஜி. டெம்பே சூடாகப் பாதி வேக்காட்டில் தட்டில் விழுந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது.

“நாலரை வாங்கு. குண்டு எல்லாப் பெட்டிக் கடையிலயும் கிடைக்கும். நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகும்” என்றான் ஒருவன்.

“போகும், போகும். அணிலுக்குள்ள பூந்து அந்தப் பக்கமா வெளிய போயிரும். அணிலு நமக்கு ஒரு சலாம் போட்டுட்டு மேல போயி படுத்துக்கிட்டுச் சாகும்” என்றான் கஸ்வோரோ. அவன் இன்னும் மரமேறுகிறவன், மேலே என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தவன். “அஞ்சரைன்னா குண்டு கனம். பட்டா ஆளையே தள்ளிரும். தொபுக்குன்னு கீழ விழும்.”

“அஞ்சரை தூரம் போனா தாழ்ந்துரும்டா.”

“நம்ம தென்னை என்ன நிலாவுலயா இருக்கு?”

ஓய்வுபெற்ற வாத்தியார் ரசிதோ இரண்டு பேரையும் கையமர்த்தினார். அவர் புறா வளர்க்கிறவர். தினமும் காலையில் கூண்டைக் கப்பியில் கட்டி உயரமான கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, அது கூவுவதைக் கீழே நாற்காலி போட்டுக் கேட்பார்.

“எதை வேணா வாங்குங்கப்பா. அணிலைத் துளைச்சுக்கிட்டுப் போயி என் புறா மேல படுற குண்டு மட்டும் வேண்டாம்” என்றார்.

ஆக, எல்லாக் காரணமும் ஐந்தரைப் பக்கம்தான் இருந்தது. வர்சிதியின் காரணம் வேறு. அஜிபாராங் சந்தைக்குக் கிளம்பும்போது என் வண்டியை மறித்து நின்று சொன்னாள்.

“அணில் கீழ விழற துப்பாக்கியாப் பாத்து வாங்கிட்டு வாங்க. வேற எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். மேல ஒண்ணு மாட்டிக்கிட்டா இந்த ஆளு சும்மா இருக்க மாட்டான்.”

“நான்தான் கூட இருக்கேன்ல” என்றேன். எனக்கு இப்படிப் பெரிய வார்த்தையெல்லாம் எதற்கு?

தஸ்ரிபின் சந்தைக்குப் பக்கத்தில் தன் வீட்டு முற்றத்திலேயே துப்பாக்கி செய்து விற்கிறவர். கட்டையை அவரே மகோகனியில் செதுக்குவார். கீழ்ப்பிடியை இழுத்து இழுத்து அடைத்துக் காற்றேற்றுகிற வகைதான் எல்லாம். ஒரே மாதிரி இரண்டை எடுத்து வைத்தார், குழல் மட்டும் வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் பலா மரத்தில் சிரட்டைகள் தொங்கின.

டார்க்கிம் நாலரையில் ஆறேழு முறை காற்றடித்துச் சுட்டான். சிரட்டை லேசாக ஆடியது. போய்ப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி ஓட்டை, பின்னால் மரப்பட்டையில் குண்டு புதைந்திருந்தது. பிறகு ஐந்தரை. அதற்கு இன்னும் நாலைந்து அடி கூடுதலாகக் காற்று வேண்டியிருந்தது. சுட்டதும் சிரட்டை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விழுந்தது. எனக்கு அப்போதே மனது நிறைந்துவிட்டது.

“மரத்தடியில நின்னு மேல சுடறவருக்கு இதுதாங்க. பட்டா அணிலு பட்ட இடத்துல நிக்காது” என்றார் தஸ்ரிபின்.

டார்க்கிம் ஐந்தரையைக் கையில் வெகுநேரம் வைத்திருந்தான். கட்டையைத் தடவினான், குழலுக்குள் ஊதிப் பார்த்தான். பிறகு கீழே வைத்துவிட்டு, “நாலரையே கொடுங்க” என்றான்.

“மாப்ள, என்ன மாப்ள?”

“இதுக்கு ரொம்பக் காத்தடிக்கணும் மச்சான். என் இடுப்புக்கு ஆகாது. குண்டும் அஜிபாராங் வந்துதான் வாங்கணும். நாலரைன்னா தலையில சுடுவேன். தலையில பட்டா எந்த அணிலு நிக்கும்?”

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சிரட்டை பிளந்ததோடு சரி. வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வர்சிதி துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை, குண்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். மிளகை விடச் சின்னதாக இருந்தது.

“நீ எதுக்குண்ணே கூடப் போன?” என்று மட்டும் கேட்டாள்.

சொன்னபடி டார்க்கிம் தலையில்தான் சுட்டான். பல அணில்கள் விழவும் செய்தன. ஆனால் அணில் எப்போதும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? விலாவில் பட்டது மட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து குருத்துக்குப் பக்கத்தில் போய் அடங்கிவிடும். கீழேயிருந்து பார்த்தால் வால் மட்டும் தெரியும். மரத்துக்காரர் அண்ணாந்து பார்த்து, “அது தூங்குதுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

முதலில் கஸ்வோரோ பக்கத்து மரத்துக்கு ஏறும்போது இரண்டு மூன்றை எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். “உனக்குத் தேங்கா, எனக்குச் செவ்வெறும்பா? அஞ்சரைன்னு தொண்ட கிழியக் கத்துனேன், கேட்டியா?” டார்க்கிம் கோபப்படவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்கோபி அவன். நாலு மரத்தில் நாலு அணில் அழுகிக்கொண்டிருக்க, அவன் என் கடையில் உட்கார்ந்து பச்சை மிளகாயைக் கடித்தபடி மரங்களின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழலை மாற்றிக்கொள் என்றால், பார்க்கலாம் மச்சான் என்பான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் வாத்தியார் ரசிதோவின் சம்சாரம் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்.

“உங்க மாப்பிள்ளை எங்க மரத்துல ஏறிட்டாரு!”

அடுப்பை அணைத்தேனா என்று கூட நினைவில்லை. போகிற வழியில் வர்சிதியைக் கூப்பிட்டேன். அவள் கை முழுக்கத் தேங்காய்த் துருவலோடு வந்தாள். வாத்தியார் வீட்டுக் கொல்லையில் அவனுடைய செருப்பு பக்கம் பக்கமாக ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. துப்பாக்கி வேலியில் சாய்ந்திருந்தது. அந்த மரம் முன்பு பாளை எடுத்த மரம், படிகள் அப்படியே இருந்தன. உச்சியில் ஒரு அணிலின் வால் தொங்கியது. டார்க்கிம் அவ்வளவு உயரம் போயிருக்கவில்லை. கூரை இறவாணத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மாப்ள, என்ன பண்ற?” என்றேன். வேறு என்ன கேட்பது?

“ஒண்ணுமில்ல மச்சான். சும்மா நிக்கிறேன்.”

“நிக்கிற எடமாய்யா அது?”

வாத்தியார் ஏணியைத் தேடி ஓடினார். வர்சிதி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள், வேலியில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தாள், திரும்பவும் அவனைப் பார்த்தாள்.

“நீ அணில் சுட இத வாங்கலய்யா. ஏறதுக்குச் சாக்கு வாங்கியிருக்க” என்றாள்.

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தஸ்ரிபின் முற்றத்தில் பக்கத்திலேயே நின்ற எனக்கு இது தோன்றவில்லை.

ஏணி வந்தது, ஆனால் எட்டவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, வர்சிதியே அதில் ஏறினாள். எங்கள் ஊரில் பெண்கள் தென்னையில் கால் வைப்பதில்லை. அவள் தென்னையில் சாய்ந்த ஏணியின் கடைசிக் கம்பில் நின்று, அவனுடைய சரியில்லாத காலின் குதிகாலைத் துருவல் ஒட்டிய கையால் பிடித்து, கீழே இருந்த படியில் வைத்தாள். பிறகு அடுத்த படி. அவன் மரத்தை விட்டுக் கன்னத்தை எடுக்காமல் அவள் வைத்த இடத்தில் காலை ஊன்றி ஊன்றி இறங்கினான். தரைக்கு வந்ததும் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

வாத்தியார் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு டார்க்கிம் வர்சிதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

“தஸ்ரிபின் வீட்டுல அஞ்சரையக் கையில எடுத்தேன்ல மச்சான். நல்ல துப்பாக்கி. இத வாங்கிட்டா இனிமே மேல போக எனக்கு ஒரு வேலையும் இல்லன்னு தோணுச்சு. கீழ வச்சிட்டேன்.”

“சரி விடு மாப்ள. இப்ப அதுக்கென்ன” என்றேன். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது, அதை முகத்தில் காட்டினால் அவனுக்குப் பிடிக்காது என்று வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மேல போயிட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். பயமெல்லாம் இல்ல. கால் தூக்க வரல. தூக்குன்னு சொல்றேன், அது பாட்டுக்குக் கெடக்கு.” இப்போதுதான் அவளைப் பார்த்தான். “இனிமே என்னால ஏற முடியாது வர்சி. சத்தியமெல்லாம் கேக்க வேண்டாம். முடியாது.”

அவன் விழுந்த நாளிலும் வர்சிதி அழவில்லை. எலும்பு கட்டுகிறவரைக் கூட்டி வந்ததும் குழாய்களை விற்றதும் எல்லாம் காய்ந்த கண்ணோடுதான். இப்போது அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, துருவல் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். வாத்தியாரின் சம்சாரம் அவள் தோளைப் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை.

டார்க்கிம் திகைத்துப் போனான்.

“ஏன்டி அழுவற? ரெண்டு வருசமா நீ கேட்டதுதான?”

“நான் ஏறாதன்னுதான்யா கேட்டேன். முடியாமப் போகணும்னா கேட்டேன்?” என்றாள்.