அஞ்சு லட்சத்து மனை

பட்டினச்சேரி காசியம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று எவனாவது சொன்னால், அவன் அவளிடம் மீன் வாங்கியதே இல்லை என்று அர்த்தம். முப்பது வருஷமாகக் கூடை சுமப்பவள். விடியலில் ஏலத்தில் கிலோ இருநூறு கொடுத்து எடுத்த சங்கரா மீன் வெயில் ஏறியும் போகவில்லையா, நூற்றைம்பதுக்குத் தள்ளிவிட்டு வீட்டைப் பார்க்க நடப்பாள். "அட போ, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவள் விழிதியூர் மனை விஷயத்தில் மட்டும் பிடிச்ச பிடியை விடவில்லை. புருஷன் மருதையன் போய்ச் சேர்ந்த பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த அஞ்சு லட்சத்தை அதில் போட்டிருந்தாள். பக்கத்திலேயே பெரிய ரோடு வருது என்று புரோக்கர் சத்தியம் பண்ணினான். ரோடு வரவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர்தான் வந்து நின்றது.

இதற்குள் அவளுக்கு முட்டி இரண்டும் வீங்கிப்போயின. "இனிமே சுமை தூக்கவே கூடாதும்மா, உக்காந்து செய்யிற வேலையாப் பாருங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் எழில்மதி அலையாய் அலைந்து கடைத்தெருவில் ஒரு சின்ன மீன் கடை பார்த்தாள். அட்வான்ஸ், ஐஸ் பெட்டி எல்லாம் நாலு லட்சத்துக்குள் அடங்கிவிடும். மனைக்கும் ஆள் வந்தது. காரைக்கால் நூருல் அமீன், தன்மையான மனுஷன்.

"நாலு தர்றேங்கக்கா. இன்னிக்கு அங்க அவ்வளவுதான் போவுது. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

"நான் அஞ்சுக்கு வாங்குனது தம்பி."

"அது அன்னைக்கு வெலைங்கக்கா."

அவர் போனதும் எழில்மதி வெடித்தாள். "மீனை மட்டும் நட்டத்துக்கு விக்கத் தெரியுதுல்ல?"

"மீனு நாறும்டி. மண்ணு நாறுமா? கெடந்துட்டுப் போவுது."

"ஒன் காலும் கெடக்குமா?"

ஒரு லட்சத்தைக் குறைத்தால் அந்த ஒரு லட்சத்துக்கு நடந்த நடையெல்லாம் வீணாகிவிடுமே! எத்தனை தெரு, எத்தனை பேரம், எத்தனை வாசலில் "நேத்து மீனா?" என்ற இளக்காரம். காசியம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை, பாவம். ஆனால் நடந்த நடையைக் காப்பாற்றுகிறேன் என்று மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

நாலு வருஷம் அப்படியே ஓடியது. கடை வேறு கைக்குப் போனது. "இன்னும் ஒரு வருஷம் பாப்போம்" என்பாள் ஒவ்வொரு பொங்கலுக்கும். காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பு வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் நடக்கவே முடியாமல் கூடை மூலைக்குப் போனது.

போன தையில் நூருல் அமீன் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை அஞ்சுக்கு ஒப்புக்கொண்டார்.

பத்திர ஆபீஸ் மாடியில் இருந்தது. முதல் படியிலேயே காசியம்மாவுக்கு முட்டியில் உயிர் போகிற வலி. அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நூருல் அமீனும் புரோக்கருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வெட்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டதும் மகளைப் பார்த்தாள். "ஒத்தப் பைசா நட்டமில்ல, பாத்தியாடி?"

எழில்மதிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"பாத்தேம்மா" என்றாள். பிறகு, அம்மாவைக் கீழே இறக்க ஆள் கூப்பிடப் போனாள்.