கொழுப்பு மாத்திரைக்கு ரெண்டு விலை

மெடிக்கல் ஷாப்பில் நிற்பவனுக்கு முதலில் கால் வலிக்கும், அப்புறம் வாய் வலிக்கும். கவுன்ட்டருக்கு உள்ளே நின்று விலை சொல்லிப் பிழைத்த சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இருந்தேன். ஊருக்குள் கொலஸ்ட்ரால் அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு கம்பெனியின் விலையில் இன்னொரு கம்பெனி பாதிகூட வராது. அதை எடுத்துச் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். வந்தது வினை.

டவுன் பஸ்

சாலவாக்கத்தில் டிராக்டர் ஓட்டும் ஏழுமலை வந்தார். இரண்டு அட்டைகளையும் முன்னால் வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்றேன். அப்புறம் விலை ஏன் வேறு என்று கேட்டார். டவுன் பஸ்ஸிலும் காஞ்சிபுரம் போகலாம், எக்ஸ்பிரஸ்ஸிலும் போகலாம், டிக்கெட்தான் வேறு என்று விளக்கினேன். என் உதாரணம் எனக்கே பிடித்துப்போயிற்று. அவர் யோசித்தார். விலை கூடின அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டவுன் பஸ்ஸு எல்லா ஊர்லயும் நின்னு நின்னுதான சார் போவும்? இது நெஞ்சுக்குப் போறதுக்குள்ள எங்கனா நின்னுக்கினா நான் இன்னா பண்றது?"

மிச்சம்

ரைஸ் மில் மேஸ்திரி மாசிலாமணி மட்டும் சொன்னதும் கேட்டார். மலிவான மாத்திரைக்கு மாறினார், என்னைப் பற்றி மில் முழுக்கப் பெருமையாகப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கொழுப்பாகப் பார்த்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். திரும்பியவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"மாசாமாசம் காசு மிச்சமாவுதுன்னு நீதான சார் சொன்ன?"

அரை மாத்திரை

ரிட்டயர்டு கண்டக்டர் தனபாலுக்கும் அவர் சம்சாரம் ராஜேஸ்வரிக்கும் ஒரே மாத்திரை. இரட்டை வீரிய மாத்திரை வாங்கி ஆளுக்குப் பாதி போட்டால் இன்னும் மலிவு என்றேன்; டாக்டரும் சரி என்றார். தினமும் அவர் உடைப்பார். பெரிய துண்டு எப்போதும் அவருக்கே போகிறது என்று ஒருநாள் அந்தம்மா சொல்ல, சண்டை முற்றி, அந்தம்மா அட்டையோடு கிளம்பி ஐயங்கார்குளத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

தனபால் சவரம் செய்யாத முகத்தோடு வந்து அரை மாத்திரை கேட்டார். அரையாகத் தர முடியாது என்றேன். முழுசாக வாங்கினால் மீதிப் பாதியை நீ போட்டுக்கொள்கிறாயா என்றார். எனக்குக் கொழுப்பு இல்லை என்றேன். ஒற்றை ஆளுக்கான அட்டையின் விலையைக் கேட்டார். பிறகு, கோபத்தில் அவள் முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் ஏதாவது ஆகுமா என்று மெதுவாகக் கேட்டார். தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, போய்க் கூட்டிவந்துவிடுகிறேன் என்றார். கண்டக்டராக இருந்த மனுஷன், பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.

அடுத்த அட்டைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். இப்போது யார் உடைப்பது என்று விசாரித்தேன். அந்தம்மாதான் பதில் சொன்னார்.

"நான்தான் சார் ஒடைக்கிறேன். பெரிய துண்ட அவுருக்கே குடுத்துடறேன், கொழுப்பு அவுருக்குதான ஜாஸ்தி."

ஒரு மாத்திரையை இன்னொரு மாத்திரையோடு ஒப்பிட மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வாங்க வந்தவர்களுக்கோ அதைப் பஸ்ஸோடும் கறியோடும் பெண்டாட்டியோடும் ஒப்பிடத் தெரிந்திருந்தது.