ஒரு நிமிடப் பேத்தி

போன வாரம் முழுக்க கள்ளக்குறிச்சியில், ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, நைனார்பாளையத்தில் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகளில் ஒருவன் துபாய், ஒருவன் பெங்களூர். ‘எழுதறவதானே, எங்க உக்காந்தாலும் எழுதலாம்’ என்று குடும்பமே கூடிப் பேசி என்னை அங்கே உட்கார வைத்துவிட்டது.

உட்கார்ந்திருந்தேன்... அவ்வளவுதான். அத்தையைப் பார்த்துக்கொண்டது மகேஸ்வரி.

மகேஸ்வரி கல்வராயன் மலைப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்து நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸில் சேர்ந்திருக்கிறாள். செல்போன் கடைக்கு மேலே, மாடியில் ஒரு இன்ஸ்டிடியூட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. மற்ற நாளெல்லாம் ‘பிராக்டிகல்’. அதாவது, இந்த மருத்துவமனையில் வேலை. சம்பளம் கிடையாது, ஃபீஸ்தான் உண்டு. அதையும் அவள்தான் கட்டுகிறாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூளைக்கு ஏதாவது விருது கொடுக்கலாம்.

இப்படி நீலக் கோட்டு போட்ட பெண்கள் வார்டு முழுக்க. முறையாகப் படித்த நர்ஸ் ஒரே ஒருவர். அவரும் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவதில்லை. பி.பி. பார்ப்பது, பெட்பேன் வைப்பது, கட்டுப் பிரிப்பது, டிரிப்ஸ் ஏற்றுவது, ஊசி போடுவது எல்லாம் இந்தப் பெண்கள்தான். இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? போன வருஷம் இதே கோட்டைப் போட்டிருந்த பெண்கள். அவர்களுக்கு? அதற்கு முந்தின வருஷத்துப் பெண்கள்...

மகேஸ்வரி பெரிய கெட்டிக்காரி என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நரம்பு கிடைக்காமல் அத்தையின் கையைக் குத்திக் கன்றிப்போக வைத்தாள்.

"இன்னாத்தடி படிச்சிக்கினு வந்தே?" என்று அத்தை வைதார்.

"இன்னும் படிச்சிக்கினுதான் ஆயா இருக்கேன். இப்ப உங்க கையில."

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘கண்ணு, இங்க வாயேன்’தான். அவளும் முகம் சுளிக்காமல் வருவாள். புரட்டிப் படுக்க வைப்பாள், துடைப்பாள், முதுகுக்குப் பவுடர் போடுவாள், தலை பின்னிவிடுவாள். பெட்பேனை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட ஏதாவது பேசிக்கொண்டே போவாள், அத்தைக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை கறார். வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியர். மகேஸ்வரி அதன் பக்கம் கையை நீட்டினால், "அத நீ தொடாத கண்ணு, அவ எடுத்துப்பா" என்று என்னைக் காட்டுவார். உடம்பைத் தொடலாம், உடம்பிலிருந்து வருவதை அள்ளலாம், சோற்றுப் பாத்திரத்தை மட்டும் தொடக் கூடாது. நான் முறைத்தால் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் மகேஸ்வரி தன் கதையைச் சொன்னாள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு டிரஸ்ட் சின்னதாக கிளினிக் நடத்துகிறதாம். கோர்ஸை முடித்துவிட்டு வா, உதவியாளர் வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இந்த வேலை கிடைத்தால் அம்மாவையாவது வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பொங்கலுக்குள் கோர்ஸ் முடிந்துவிடும்.

"அப்புறம் மலையிலயே ஊசி போடலாம்க்கா. எங்காளுங்க கத்த மாட்டாங்க" என்றாள், அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

வியாழக்கிழமை காலை மேனேஜர் வார்டுக்குள் ஓடி வந்தார்.

"பொண்ணுங்களா, இன்ஸ்பெக்ஷன் வந்துக்கினு இருக்காங்க. கோட்டக் கழட்டுங்க. ஆளுக்கு ஒரு பெட்டு பக்கத்துல போய்க் குந்துங்க. கேட்டா பேஷன்ட்டுக்குச் சொந்தம்னு சொல்லுங்க."

ஒரு பெண்கூட ‘எதற்கு’ என்று கேட்கவில்லை. கோட்டுகள் கழன்றன, மெத்தைகளுக்கு அடியில் மறைந்தன. கண் மூடித் திறப்பதற்குள் வார்டில் ஒரு நர்ஸ்கூட இல்லை. எல்லோரும் மகள், மருமகள், நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதையும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

மகேஸ்வரி அத்தையின் கட்டிலுக்கு வந்தாள். ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "ஆயா, கொஞ்ச நேரத்துக்கு நான் உங்க பேத்தி. சரியா?" என்று மெல்லக் கேட்டாள். அத்தை ஒன்றும் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. கையில் ஃபைல், பின்னாலேயே மேனேஜர். ஒவ்வொரு கட்டிலாக நலம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன பாட்டி, வலி தேவலையா? இது யாரு, பேத்தியா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் மகேஸ்வரி.

அத்தை இரண்டு முழங்கையையும் ஊன்றி எழப் பார்த்தார். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவர் தானாக அப்படி அசைந்து நான் பார்த்ததில்லை.

"யாருக்கு யாரு பேத்தி? இது மலைக்காரப் பொண்ணுங்க. இங்க ஊசி போடறது. எங்க வூட்ல இந்த மாதிரி யாரும் கெடையாது."

மேனேஜர் சிரித்தார். "வயசானவங்க மேடம். மறதி ஜாஸ்தி."

"எனக்கா மறதி? எங்க சொந்தபந்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை.

அதிகாரி மகேஸ்வரியிடம் திரும்பினார். "நீ யாரும்மா?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அப்புறம், "டிரெயினிங் மேடம்" என்றாள்.

மேனேஜரின் கெட்டிக்காரத்தனத்தை அப்போதுதான் பார்த்தேன். "ஆமா மேடம், சும்மா பாத்துக்க வந்த பொண்ணு. தானாவே ஊசியை எடுத்திருக்கும்போல. எங்க கவனத்துக்கு வரல. இன்னிக்கே ஆக்‌ஷன் எடுக்கறோம்."

நான் எழுந்து சொன்னேன். இங்கே எல்லாப் பெண்களும்தான் ஊசி போடுகிறார்கள், போடச் சொல்வதே இவர்கள்தான், ஒவ்வொரு மெத்தைக்கும் அடியில் ஒரு கோட்டு இருக்கிறது, பாருங்கள் என்றேன். அதிகாரி தலையாட்டிக்கொண்டார். ஆனால் குனிந்து பார்க்கவில்லை. பெரிய டாக்டரின் அறைக்குள் போனார். காபி உள்ளே போனது. அதிகாரி வெளியே வந்தார். கார் கிளம்பியது. நீலக் கோட்டுகள் மெத்தைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, மறுபடி டிரிப்ஸ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நடந்தன.

மகேஸ்வரியின் கோட்டு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது.

இன்ஸ்டிடியூட் மாடிக்கு நானும் அவளோடு ஏறினேன். நிர்வாகி மரியாதையாகப் பேசினார். நாற்காலி போட்டார்.

"மேடம், நீங்க எழுதறவங்க, உணர்ச்சிவசப்படுவீங்க. ஹாஸ்பிடல்ல ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லிட்டாங்க. இந்த ஒரு பொண்ணுக்காக நான் அவங்களைப் பகைச்சிக்கினா, மத்த பொண்ணுங்க பிராக்டிகலுக்கு எங்க போவாங்க? நீங்களே சொல்லுங்க."

ஏய்ப்பவனுக்குத்தான் எப்போதும் மற்றவர்களின் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு கவலை. கோர்ஸ் முடித்ததாகத் தாள் தர முடியாது என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அது இல்லாமல் மலை கிளினிக்கில் வேலையும் இல்லை.

நீங்கள் கேட்கலாம்... ‘உங்கள் அத்தை உண்மையைத்தானே சொன்னார்? பொய் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா?’ நியாயமான கேள்வி. உண்மைக்காக அத்தை அதைச் சொல்லியிருந்தால், இந்தப் பத்தியில் அவருக்கு நானே மாலை போட்டிருப்பேன். அத்தைக்கு மருத்துவமனை மோசடி தெரியாது, தெரிந்தாலும் அக்கறை கிடையாது. ஒரு மலைக்காரப் பெண் தனக்குப் பேத்தி என்று வார்டில் நான்கு பேர் நினைத்துவிடுவார்களே... அதை ஒரு நிமிடம்கூட அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் உண்மை வெளியே வருவதற்குக்கூட ஜாதி பார்த்துத்தான் வழி விட வேண்டியிருக்கிறது. அப்படி வந்த உண்மை யார் தலையில் விழுந்தது? பெரிய டாக்டர் தலையிலா?

பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அத்தைக்காக மன்னிப்புக் கேட்கும் தோரணையில் நான் என்னவோ ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"பீ அள்றப்ப கண்ணுன்னுதானேக்கா கூப்ட்டாங்க. அப்ப நான் எந்த ஊரு, இன்னா ஆளுன்னு கேக்கலியே" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"வூட்ல இன்னா சொல்லுவே?"

"இன்னாத்த சொல்றது. மிளகு பறிக்க ஆள் சேக்கறாங்களாம். நானும் போறேன்."

அம்மாவை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கீழே இறங்கி வந்தவள், அம்மாவோடு சேர்ந்து மிளகு பறிக்கப் போகிறாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். கையசைக்கவில்லை. அவள் ஏன் அசைக்க வேண்டும்?

நான் வார்டுக்குத் திரும்பியபோது நைனார்பாளையத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். புதிதாக வந்த நீலக் கோட்டுப் பெண் பெட்பேனைச் சரியாக வைக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு எரிச்சல்.

"இதுங்களுக்கு ஒண்ணும் தெரியல. முன்ன ஒரு பொண்ணு இருந்திச்சி. சொந்தப் பேத்தி மாதிரி பாத்துக்கிச்சி என்னை. பாவம், இன்னாவோ, நின்னுடுச்சி" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நிஜமான வருத்தம்தான். கண்கூடக் கலங்கியிருந்தது.

அந்த ‘மாதிரி’யை மட்டும் வியாழக்கிழமை காலை ஒரு நிமிடம் விழுங்கியிருக்கலாம், அத்தை.